சிசிபஸுக்கு இறங்கி வரும் நேரம் இருந்தது

2 மார்ச், மாலை. கேள்வி

வயது 26. சென்னையில் ஐடி வேலை. சம்பளம் பரவாயில்லை, கடன் இல்லை, வீட்டிலும் சண்டை இல்லை. ஆனாலும் காலையில் லேப்டாப்பைத் திறக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றுகிறது. இருத்தலியல் பற்றி நிறைய வீடியோ பார்த்தேன். எல்லாரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள்: வாழ்க்கைக்கு அர்த்தம் கிடையாது, நீயே உண்டாக்கிக்கொள். எப்படி உண்டாக்குவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. கடைசியில் சிசிபஸ் கல் உருட்டும் படத்தைக் காட்டி, அவன் மகிழ்ச்சியாக இருக்கிறான் என்று நினைத்துக்கொள் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது ஏமாற்று வேலையாகத் தெரிகிறது. படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2 மார்ச், இரவு

படித்தவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. டாஃபராகச் சேர்ந்து (நூல் நிறைந்த பாபினை எடுத்துக் காலியைப் போடும் வேலை), சைடராகி (மெஷினில் அறுந்த இழையை ஒட்டும் வேலை), இப்போது மேஸ்திரி. கல் உருட்டுவது பற்றிக் கொஞ்சம் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் கதை. சிசிபஸ் கிரேக்கப் புராணத்தில் வரும் ராஜா. தேவர்களை ஏமாற்றியதற்குத் தண்டனையாக மலையுச்சிக்கு ஒரு பாறையை உருட்ட வேண்டும். உச்சிக்குப் போனதும் அது கீழே உருண்டுவிடும். திரும்ப முதலிலிருந்து. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர் காம்யு 1942இல் ஒரு புத்தகத்தில் இதை எழுதியபோது, உருட்டும் நேரம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. கல் விழுந்த பிறகு அவன் வெறுங்கையோடு மலையிறங்கி வருகிறானே, அந்த நேரம்தான் முக்கியம். அப்போதுதான் தன் நிலைமை அவனுக்கு முழுதாகத் தெரிகிறது. தெரிந்துகொண்டே இறங்குகிறான். தண்டனை கொடுத்தவர்கள் எதிர்பார்த்தது அவன் புலம்பலை. அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. காம்யு சொல்லும் மகிழ்ச்சி அவ்வளவுதான். பல்லைக் காட்டிக்கொண்டு வேலை பார் என்று அவர் சொல்லவில்லை.

அதே பக்கங்களில் ஒரு விஷயம் போகிற போக்கில் வருகிறது. இன்றைய தொழிலாளியும் ஆயுள் முழுக்க ஒரே வேலையைத்தான் செய்கிறான், அவன் விதியும் இதற்குக் குறைந்த அபத்தம் இல்லை, ஆனால் அது அவனுக்கு உறைக்கும் அபூர்வமான நேரங்களில்தான் சோகமாகிறது என்கிறார். வீடியோக்காரர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது இதுதான். நூல் நூற்கும் மெஷினான ரிங் பிரேமில் பாபின் நிறையும். எடுத்துவிட்டுக் காலிப் பாபின் போடுவோம். அது நிறையும். அதையும் எடுப்போம்.

மிச்சம் நாளைக்கு. அரை நைட் முடித்து வந்தவன், கண் சொக்குகிறது.

3 மார்ச், காலை

தம்பி, ஒன்று கேட்கிறேன். தூக்கம் வருகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? முன்பு பிடித்தது எதுவுமே பிடிக்காமல் வாரக்கணக்கில் ஓடுகிறதா? அப்படியென்றால் தத்துவத்தை ஓரமாக வையுங்கள், டாக்டரிடம் போங்கள். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416, டெலி மானஸ். அரசாங்க எண், காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். காம்யுவின் அந்தப் புத்தகம் தற்கொலை பற்றிய கேள்வியில்தான் தொடங்குகிறது. அது தீர்வு இல்லை என்று தெளிவாகவே சொல்கிறது. ஆனால் மனம் நோயில் இருக்கும்போது புத்தகம் சொல்வது காதில் ஏறாது.

3 மார்ச், மதியம்

நன்றாகத் தூங்குகிறாராம், நேற்று இரவு நான்கு பரோட்டாவாம். சரி, தத்துவம் பேசலாம்.

4 மார்ச்

மேலே ஒரு ஐயா, இதெல்லாம் கீதையிலேயே இருக்கிறது, கடமையைச் செய் பலனை எதிர்பார்க்காதே, பிரெஞ்சுக்காரன் புதிதாக என்ன சொல்லிவிட்டான் என்கிறார். பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அர்ஜுனனுக்கு அவன் கடமை என்ன என்பதில் கண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. நீ க்ஷத்திரியன், போர் செய். எது கடமை என்பது பிறப்போடு வந்துவிட்டது, மனதைத் தேற்ற வேண்டியது மட்டும்தான் பாக்கி. இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர், அவரிடம் யோசனை கேட்டு வந்த ஒரு மாணவனுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. இரண்டு கடமை, இரண்டும் சரி, இரண்டில் ஒன்றுதான் முடியும். தேர்ப்பாகனும் கிடையாது.

அந்த மாணவன் கதையை நாளைக்கு எழுதுகிறேன். அதில் எனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது.

5 மார்ச், காலை ஷிப்ட் முடிந்து

29 அக்டோபர் 1945. பாரிஸில் சார்த்தர் ஓர் உரை நிகழ்த்தினார், கூட்டம் தாங்கவில்லை. போர் முடிந்து சில மாதங்கள்தான். அதில் ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறார். ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடித்திருந்த காலத்தில் அவன் ஆலோசனை கேட்டு வந்தான். அண்ணன் 1940இல் ஜெர்மன் தாக்குதலில் செத்துப்போனான். அப்பா எதிரியோடு ஒத்துப்போகிற பக்கம் சாய்கிறார், அம்மாவோடு சண்டை. அம்மாவுக்கு இந்தப் பையன் ஒருவன்தான் பிடிமானம். இங்கிலாந்துக்குப் போய்ச் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா, அம்மாவோடு இருப்பதா?

சார்த்தர் ஒவ்வொரு வாசலாக அடைக்கிறார். அயலானை நேசி என்கிறது கிறிஸ்தவம். யார் அயலான், அம்மாவா, போராடுகிறவனா? மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்கிறார் ஜெர்மன் தத்துவவாதி காண்ட். எந்தப் பக்கம் போனாலும் இன்னொரு பக்கம் கருவியாகத்தான் ஆகும். சரி, மனம் சொல்வதைக் கேட்கலாம், அம்மா மேல் பாசம் அதிகம் என்றால் தங்கலாம். ஆனால் பாசம் போதுமான அளவு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? தங்கிக் காட்டினால்தான் தெரியும். தங்கிய பிறகு தெரிவதை வைத்துத் தங்குவதா என்று முடிவு செய்ய முடியாது. கடைசியில் அவர் சொன்னது, நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு. அவ்வளவுதான்.

யாரிடம் யோசனை கேட்பது என்று தேர்ந்தெடுப்பதே பாதி முடிவு என்றும் சொல்கிறார். பாதிரியாரிடம் போகிறவனுக்கு என்ன பதில் வரும் என்று முன்பே தெரியும். தம்பி, நீங்களும் ஆற்றுப்படுத்தும் சாமியாரிடம் போகாமல் இங்கே வந்து ஏமாற்று வேலை என்று சண்டை போட்டிருக்கிறீர்கள். என்ன பதில் வேண்டாம் என்பதில் தெளிவாகத்தான் இருக்கிறீர்கள்.

இனி என் வழக்கு. பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் இடம் கிடைத்த வருஷம் அப்பா படுத்துவிட்டார். கீழே இரண்டு தங்கைகள். மில்லுக்குப் போனேன். அதற்கப்புறம் பல வருஷம், யார் கேட்டாலும் ஒரே பதில்: வேறு வழியில்லாமல் வந்தேன். சார்த்தர் இப்படிச் சொல்வதைத் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்கிறார். வாழ்ந்த காலத்தில் பாதியைக் காபிக்கடைகளில் உட்கார்ந்து எழுதியவர் எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் என் வகுப்பில் படித்த ஒருவன் நினைவுக்கு வந்தான். ஏறக்குறைய இதே நிலைமை. வீட்டை விட்டுத் திருப்பூர் போனான், திரும்பிப் பார்க்கவில்லை. ஆக வழி இருந்திருக்கிறது. அந்த வழியில் நான் போகவில்லை, அவ்வளவுதான். அவன் கெட்டவன், நான் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. அவனும் எடுத்த முடிவு, நானும் எடுத்த முடிவு.

இதைப் புரிந்துகொண்டபோது ஆறுதல் ஒன்றும் வரவில்லை. ஆனால் மில் வேறு மாதிரித் தெரிந்தது. என்மேல் விழுந்ததாக நினைத்துக்கொண்டிருந்தது நான் தூக்கியது.

5 மார்ச், இரவு

பகலில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் அழகாகவே வந்துவிட்டது, அதனால் சந்தேகம். நான் எடுத்த முடிவு என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் திருமண உதவி கிடைக்கும் என்று ஆசை காட்டி, விடுதியில் வைத்து, மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கூட்டிவந்த பெண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய், இது நீ எடுத்த முடிவு தாயி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இதே சண்டை சார்த்தருக்கும் அவர் துணைவியும் தத்துவவாதியுமான சிமோன் தெ பொவ்வாருக்கும் 1940இல் நடந்திருக்கிறது. எந்த நிலைமையிலும் மனிதர் அதை மீறிப் போக முடியும் என்கிறார் சார்த்தர். அந்தப்புரத்தில் பூட்டி வைத்திருக்கும் பெண் எதை மீறிப் போவாள் என்று இவர் கேட்கிறார். அங்கேயும் பல விதமாக வாழலாம் என்று அவர் சொல்ல, இவர் விடாமல் வாதாடிவிட்டுக் கடைசியில் ஒப்புக்குச் சரி என்று விட்டுவிட்டதாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். 1947இல் எழுதிய அறம் பற்றிய புத்தகத்தில் விட்ட இடத்தைப் பிடிக்கிறார். வழியே தெரியாதபடி வளர்க்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பொறுப்பாக்க முடியாது; வழி தெரிந்த பிறகும் போகாமல் இருப்பது வேறு. அப்புறம் ஒன்று: என் சுதந்திரம் மற்றவர்கள் சுதந்திரமாக இருந்தால்தான் செல்லும்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு பெண்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகத்துக்கு விதை இங்கேதான் என்று நினைக்கிறேன். சார்த்தரைவிட எனக்கு இவர்தான் கணக்குத் தெரிந்த ஆள். 1929இல் தத்துவ ஆசிரியர் தேர்வில் அவர் முதலிடம், இவர் இரண்டாமிடம். அந்த மார்க்கை இன்னொரு தடவை கூட்டிப் பார்த்திருக்கலாம்.

6 மார்ச்

காம்யு சொன்னதாக வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது என்று ஒருவர் ஒட்டியிருக்கிறார். முன்னால் நடக்காதே, பின்னால் நடக்காதே, பக்கத்தில் நட என்று. காம்யு புத்தகம் எதிலும் அது கிடையாது. சூரிய உதயப் படத்தின்மேல் இருந்தால் பெரும்பாலும் அவருடையது இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

8 மார்ச், முழு நைட் முடிந்து

இதை எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சிமோன் வெய்ல் என்று ஒரு பெண். இவரை இருத்தலியல்வாதி என்று யாரும் சொல்வதில்லை. தத்துவ ஆசிரியை. விடுப்பு எடுத்துக்கொண்டு 1934 டிசம்பரில் பாரிஸில் அல்ஸ்தோம் ஆலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். இடையில் வேலை போனது, வேறிடம், கடைசியில் ரெனோ கார் ஆலை. 1935 ஆகஸ்டில் முடித்தார். ஓயாத தலைவலிக்காரர், கை வேகம் கிடையாது, பீஸ் ரேட்டை எட்டவே முடியவில்லை. தினமும் என்ன நடந்தது என்று குறித்து வைத்தார். அவர் செத்த பிறகு அவர் எழுத்துகளைத் தேடி எடுத்து வெளியிட்டவர்களில் முக்கியமானவர் காம்யு. ஆலை பற்றிய அந்தப் புத்தகம் 1951இல் காம்யு நடத்திய வரிசையில்தான் வந்தது.

ஒடுக்கினால் கோபம் வரும், கோபத்தில் தொழிலாளி எழுவான் என்று நினைத்துத்தான் வெய்ல் உள்ளே போனார். கண்டது வேறு. கோபம் வரவில்லை, பணிவு வந்தது. அதைவிட மோசம், யோசிக்காமல் இருந்தால்தான் வலிக்காது என்று தெரிந்ததும் யோசிப்பதை நிறுத்தச் சொல்லி உடம்பே கெஞ்சுகிறது. சனிக்கிழமை மதியமும் ஞாயிறும்தான் தானும் யோசிக்கிற பிறவி என்பது லேசாகத் திரும்ப நினைவுக்கு வருகிறது என்று எழுதுகிறார்.

இதைப் படித்தபோது காம்யுவின் சிசிபஸில் எனக்கு இடித்துக்கொண்டிருந்தது என்ன என்று தெரிந்தது. சிசிபஸுக்கு இறங்கி வரும் நேரம் இருக்கிறது. கல் கீழே கிடக்கிறது, கை காலி, மெதுவாக நடந்து வரலாம், தன் விதியைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம், யாரும் விரட்டவில்லை. காம்யு சொல்லும் மகிழ்ச்சி முழுக்க அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. மில்லில் இறக்கம் கிடையாது. ஒரு பிரேமில் டாஃப் எடுக்கும்போதே அடுத்தது நிறைந்து நிற்கும். அபத்தத்தைப் பார்த்துச் சிரிக்கவும் கொஞ்சம் நேரம் வேண்டுமே.

சரி, அப்படியானால் இத்தனை வருஷம் நான் எதில் ஓட்டினேன்?

ஒரு கோடை இரவு, நான் சைடராக இருந்த காலம். டிபார்ட்மெண்டில் ஈரப்பதம் ஏற்றும் பிளான்ட் நின்றுபோனது. நூற்பாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். காற்று காய்ந்தால் இழை நிற்காது. ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு போனால் பின்னால் நாலு அறுந்து கிடக்கும். பஞ்சு ரோலரில் சுற்றும், சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. என் பிரேம்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. அடுத்த சைடு பார்த்தவர் என்னைவிட மூத்தவர், என்னோடு அதிகம் பேச்சுவார்த்தை கிடையாது, சொல்லப்போனால் ஒரு பழைய மனக்கசப்புகூட உண்டு. அவர் பிரேமிலும் அறுந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் குறுக்கே வந்து, ஒன்றும் சொல்லாமல், எனக்கு எதிர்முனையிலிருந்து ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். நடுவில் சந்தித்தோம். தலையை ஆட்டிவிட்டு அவர் பக்கத்துக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து நான் அவர் பக்கம் போனேன்.

அவ்வளவுதான் நடந்தது. பேச்சுவார்த்தை அதற்கப்புறமும் குறைவுதான்.

வெய்லின் குறிப்பிலும் இப்படி ஒன்று இருக்கிறது. அல்ஸ்தோமில் உலைக்கு முன் வேலை. தீ நாக்கு நீட்டிக் கையைச் சுடும். சுடும்போதெல்லாம் எதிரே இருந்த வெல்டர் வருத்தமாக ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எவ்வளவு பெரிது என்று அவர் எழுதியிருப்பதைப் படித்தால், அந்த மாதங்களில் வேறு எதையும் அவ்வளவு நன்றியோடு எழுதவில்லை என்று தோன்றும். காம்யுவின் மலையில் சிசிபஸ் தனியாள். பக்கத்து மலையில் இன்னொருவன் கல் உருட்டுகிறான் என்று வைத்தால் கதை என்ன ஆகும்? என் பதில் அங்கேதான் இருக்கிறது, தம்பி. அர்த்தத்தை நான் உட்கார்ந்து உண்டாக்கவில்லை. குறுக்கே வந்த ஒருவரோடு வந்தது, பதிலுக்கு நான் குறுக்கே போனபோது என்னுடையதானது.

8 மார்ச், மாலை

நேரே எழுதினேனா, தூக்கக் கலக்கத்தில் எழுதினேனா தெரியவில்லை. இங்கே படிக்கும் ஒரு தங்கை சரியாகப் பிடித்துவிட்டார்: "அண்ணே, பிளான்ட் ரிப்பேரை நேரத்துக்குப் பார்த்திருந்தால் உங்கள் அர்த்தம் வந்தே இருக்காதே? நிர்வாகம் செய்யாததைத் தொழிலாளி பாசத்தால் நிரப்புவதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள்."

நியாயம். யோசிக்கிறேன்.

9 மார்ச்

யோசித்தேன். அவர் சொல்வது சரி, நான் சொன்னதும் தப்பில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சிசிபஸ் மகிழ்ச்சியாக இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ள யாருக்கு அதிக வசதி? கல்லுக்குச் சொந்தக்காரனுக்கு. எங்கள் தொழிலில் பிசினோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. பஞ்சுத் தூசியால் வருவது, பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம், கார்டிங் ஆட்களுக்கு அதிகம். வார விடுமுறை கழித்து வேலைக்கு வரும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். அதனால் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே அதற்குப் பெயர் இருந்தது. அதற்கு மருந்து மனப்பக்குவம் இல்லை. தூசி உறிஞ்சும் கருவி, முகக்கவசம், மருத்துவச் சோதனை, வேண்டுமானால் சங்கம்.

விக்டர் ஃபிராங்கல் படியுங்கள் என்று இங்கே இரண்டு பேர் சொன்னார்கள், அவரை இந்த இடத்தில் சேர்த்துக்கொள்கிறேன். வியன்னா மனநல மருத்துவர், யூதர். அவுஷ்விட்ஸிலும் வேறு முகாம்களிலும் இருந்து பிழைத்து வந்தவர். மனைவி, தாய், தந்தை மூவரையும் முகாம்களில் பறிகொடுத்தவர். அந்த முகாம் அனுபவம் பற்றிய அவர் புத்தகம் 1946இல் வந்தது. அர்த்தம் மூன்று வழியில் வரும் என்பார்: ஒன்றைச் செய்வதில், ஒன்றையோ ஒருவரையோ நேசிப்பதில், தவிர்க்கவே முடியாத துன்பத்தை எப்படி எதிர்கொள்கிறோம் என்பதில். மூன்றாவதை மட்டும் பிய்த்து எடுத்துத் துன்பத்தில் அர்த்தம் உண்டு என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். அவரே எச்சரிக்கிறார். தவிர்க்க முடிந்த துன்பம் என்றால் அதன் காரணத்தை ஒழிப்பதுதான் அர்த்தமுள்ள செயல், தேவையில்லாமல் தாங்குவது வீரம் இல்லை. தங்கைக்கு என் பதிலும் இதுதான். பிளான்டைச் சரிசெய். ஆள் குறுக்கே வருவது அப்போதும் நிற்காது, அறுந்த இழைக்காக வராமல் டீ குடிக்கக் கூப்பிட வருவார், அவ்வளவுதான்.

ஃபிராங்கல் சொல்வதில் இன்னொன்றும் தம்பிக்கு உதவலாம். வாழ்க்கையிடம் நாம் எதிர்பார்ப்பது இருக்கட்டும், அது நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று பார்க்கச் சொல்கிறார். கேட்டது நீங்கள் என்று நினைக்கிறீர்கள், உண்மையில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான் என்கிறார். எனக்கு இதில் கொஞ்சம் கடவுள் வாசனை அடிக்கிறது, வாழ்க்கைக்கு வாய் எங்கே இருக்கிறது? ஆனால் காலை ஷிப்டுக்கு ஆள் வராத நாளில் இந்த வாக்கியம் நன்றாக வேலை செய்கிறது.

10 மார்ச்

காம்யுவை இருத்தலியல்வாதி என்று எழுதுவது தவறு என்று ஒரு பேராசிரியர் மாதிரியான ஒருவர் திட்டியிருக்கிறார். உண்மைதான், 1945 நவம்பரில் ஒரு பேட்டியில் அவரே நான் அது இல்லை என்கிறார், சார்த்தர் பெயரோடு தன் பெயரைச் சேர்த்துப் பார்த்தால் இருவருக்குமே வியப்பாக இருக்கிறது என்கிறார். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகரும் இல்லை என்றார். பிரெஞ்சுத் தத்துவவாதி மார்செலும் பின்னாளில் அந்தப் பெயர் வேண்டாம் என்றார். இந்தக் கட்சியில் ஆள் சேர்ப்பது ரொம்பக் கஷ்டம்.

1951இல் காம்யு கிளர்ச்சி பற்றி எழுதிய புத்தகத்தைச் சார்த்தரின் பத்திரிகை மறுவருஷம் கிழித்துப்போட்டது. விமர்சனம் எழுதியவர் ஃபிரான்சிஸ் ஜான்சன். காம்யு அவர் பெயரைக்கூடச் சொல்லாமல் பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு என்று பதில் எழுதினார், சார்த்தர் அதற்கு ஒரு பதில் எழுதினார், நட்பு முடிந்தது. அப்புறம் காம்யு 4 ஜனவரி 1960 அன்று கார் விபத்தில் சாகும் வரை பேசிக்கொள்ளவில்லை. அர்த்தம் பற்றி உலகத்துக்கே சொல்லித்தந்த இரண்டு பேரால் ஒரு டீக்கடைச் சமாதானம் செய்துகொள்ள முடியவில்லை.

12 மார்ச்

தம்பி கேட்கிறார், காம்யுவின் சிசிபஸ் தனியாள் என்று குறை சொல்கிறீர்களே, காம்யுவுக்கு இது தெரியாதா?

தெரியும். நம் ஆட்கள் 1942லேயே நின்றுவிட்டார்கள், அவர் நிற்கவில்லை. 1947இல் 'கொள்ளை நோய்' நாவல் வந்தது. ஒரான் நகரத்தில் பிளேக், ஊரை மூடிவிட்டார்கள். பத்திரிகைக்காரன் ராம்பெர் வெளியூர்க்காரன், பாரிஸில் காதலி. தப்பிக்க வழி தேடுகிறான். வழி கிடைத்த பிறகு போகவில்லை. தான் மட்டும் சந்தோஷமாக இருப்பதில் வெட்கம் வரலாம் என்கிறான். டாக்டர் ரியூ, இதில் வீரம் ஒன்றுமில்லை, நேர்மை என்பார், நேர்மை என்றால் என்ன என்று கேட்டால் என்னைப் பொறுத்தவரை என் வேலையைச் செய்வது என்பார். இதை ஃபிரேமில் நின்றுகொண்டே புரிந்துகொள்ளலாம், தத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தவர் கிராந்த். நகராட்சிக் குமாஸ்தா. வருஷக்கணக்காகத் தற்காலிகப் பணியில், சம்பள உயர்வு இல்லாமல், கேட்கச் சரியான வார்த்தை கிடைக்காததாலேயே மனுக் கொடுக்காமல் இருப்பவர். மாலையில் நாவல் எழுதுகிறார். முதல் வாக்கியத்தையே திரும்பத் திரும்ப எழுதுகிறார், குதிரையில் ஒரு பெண் போகிறாள் என்ற ஒரே வாக்கியம். அதைத் தாண்டவில்லை. அசல் சிசிபஸ். ஆனால் பிளேக் வந்ததும், அலுவலகம் முடிந்து தன்னார்வப் படையின் கணக்குகளை எழுதித்தருகிறார். இந்தக் கதைக்கு ஒரு நாயகன் கட்டாயம் வேண்டுமென்றால் இந்த அற்பமான, கொஞ்சம் கேலிக்குரிய மனிதரை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் கதைசொல்லி. குதிரைக்காரி வாக்கியம் அப்போதும் முடியவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கின்றன, காம்யு அதைச் சரிசெய்யவில்லை.

1955இல் ரோலான் பார்த் என்ற விமர்சகருக்கு எழுதிய கடிதத்தில் காம்யு தானே சொல்கிறார்: தன் முந்தைய நாவல் 'அந்நிய'னிலிருந்து 'கொள்ளை நோய்'க்கு வந்த மாற்றம், ஒற்றை ஆளின் எதிர்ப்பிலிருந்து எல்லாரும் சேர்ந்து சுமக்க வேண்டிய போராட்டத்துக்கு வந்த மாற்றம் என்று. 1951 புத்தகத்திலும் நான் எதிர்க்கிறேன், ஆகவே நாம் இருக்கிறோம் என்கிறார். 'நான்' என்று தொடங்கி 'நாம்' என்று முடிகிறது, பாருங்கள்.

சொந்த வாழ்க்கையிலும் அவருக்கு இது புதிது இல்லை. அல்ஜியர்ஸில் பெல்கூர் என்ற ஏழைப் பகுதி. அப்பா 1914 போரில் செத்தார். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, எழுதப் படிக்கத் தெரியாது, வீட்டு வேலைக்குப் போனார். பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேன் பாட்டியிடம் பேசி மேலே படிக்க வைத்தார். 1957இல் நோபல் கிடைத்ததும், முதலில் அம்மாவை நினைத்தேன், அடுத்து உங்களை என்று அந்த ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். முடிக்காமல் விட்டுப்போன கடைசி நாவலை, இந்தப் புத்தகத்தை ஒருநாளும் படிக்க முடியாத உனக்கு என்று அம்மாவுக்குச் சமர்ப்பித்திருக்கிறார்.

12 மார்ச், சற்று கழித்து

காம்யு ஃபுட்பால் ஆடினாரா என்கிறீர்கள். ஆமாம், கோல்கீப்பர்தான். அல்ஜியர்ஸ் பல்கலைக்கழக கிளப்பின் இளையோர் அணி. 17 வயதில் காசநோய் வந்து ஆட்டம் நின்றது. ஒழுக்கம் பற்றித் தெரிந்ததெல்லாம் ஃபுட்பாலில் கற்றது என்பார். பாட்டி தினமும் ஷூவின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாராம், தேய்ந்திருந்தால் அடி. ஃபுட்பால் பற்றிக் கேட்கவே மூன்று பேர் வந்திருக்கிறீர்கள். சார்த்தருக்கு ஒருவர்கூட வரவில்லை.

16 மார்ச்

தம்பி வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயம் செய்யலாமா என்கிறார். நிலம் இருக்கிறதா? இல்லையாம். சரி.

தேர்ந்தெடு என்று சார்த்தர் சொன்னது ராஜினாமா செய் என்பதாகவே நிறையப் பேருக்குக் கேட்கிறது. தங்குவதும் தேர்வுதான். ஆனால் தங்குகிறேன் என்று தெரிந்து தங்க வேண்டும், வேறு வழியில்லாமல் என்று சொல்லக்கூடாது. ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: சாஃப்ட்வேர் ரிலீஸ் இரவில் எல்லாம் உடைந்து கிடக்கும்போது உங்கள் பக்கம் குறுக்கே வருபவர் யார்? ஒருவர் இருக்கிறாராம், வேறு டீம், கேட்காமலே லாக் பார்த்துத் தருவாராம். நீங்கள் அவர் பக்கம் எப்போது போனீர்கள் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

17 மார்ச்

பதில் வந்தது. "அண்ணா, இது தத்துவம் மாதிரி இல்லை, பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது. இதற்கா சார்த்தர் வேண்டும்?"

வேண்டாம்தான். ஆனால் உதவி செய் என்று பள்ளியில் சொன்னபோது, எதற்கு என்று கேட்டால் சாமி பார்க்கிறது, புண்ணியம், நல்ல பெயர் என்று ஏதோ ஒன்று பின்னால் நின்றது. இவர்கள் அதையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள். யாரும் பார்க்கவில்லை, கணக்கு எழுதப்படவில்லை, பாபின் நாளைக்கும் நிறையும். அப்படியும் குறுக்கே போவாயா? இந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்தில் கேட்கவில்லை. என்னிடம் இதற்கு நிரூபணம் கிடையாது, போகிறேன் என்பது மட்டும்தான் இருக்கிறது. அந்த மாணவன் கதையிலும் அதேதான்: தங்கிக் காட்டினால்தான் தெரியும்.

அவருக்கு இன்னும் ஒப்பவில்லை. ஒப்ப வேண்டியதில்லை.

21 மார்ச்

வேறு ஒரு விஷயம், யாராவது யோசித்திருந்தால் சொல்லுங்கள். எங்கள் மில்லில் பாதிப் பிரேம்களுக்குத் தானியங்கி டாஃபிங் வருகிறது. நிறைந்த பாபினை மெஷினே எடுத்துக் காலியைப் போட்டுவிடும். டாஃபர்களில் சிலரைப் பேக்கிங்குக்கு மாற்றுகிறார்கள், வயதானவர்களைக் கணக்கு முடித்து அனுப்புகிறார்கள். சிசிபஸிடமிருந்து கல்லையே வாங்கிக்கொண்டால் அவன் என்ன செய்வான் என்று காம்யு எழுதவில்லை.

பொவ்வார் எழுதியிருக்கிறார். முதுமை பற்றி 1970இல் பெரிய புத்தகம். கடைசிவரை ஒரு மனிதரையோ, ஒரு குழுவையோ, ஒரு வேலையையோ நாடிப் போய்க்கொண்டிருந்தால்தான் முதுமை வாழ்ந்ததன் கேலிக்கூத்தாக ஆகாமல் இருக்கும் என்கிறார். ஆனால் அங்கேயே நிற்பதில்லை. ஆயுள் முழுக்க ஒரே அசைவைச் செய்யவைத்து, யோசிக்க நேரம் தராமல் பிழிந்துவிட்டு, அறுபதில் போய் ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள் என்று சொல்லும் சமூகத்தைத்தான் குற்றம் சொல்கிறார். வெய்லைப் படித்த கையோடு இதைப் படித்தால் இரண்டும் ஒரே புகார் மாதிரி இருக்கிறது.

பேக்கிங்குக்குப் போக மறுத்த ஒரு டாஃபர் என்னிடம், உன் புத்தகத்தில் எனக்கு என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். திங்கட்கிழமை பணிக்கொடைக் கணக்கு பார்க்க அவரோடு போகிறேன். சர்வீஸ் வருஷங்களைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள்.